பஸ்ஸில் ஆட்களைப் பார்ப்பது தப்பா?

கேள்வி:

எனக்கு 24 வயது. கருங்கல் பக்கம் ஊர். பி.எஸ்சி. முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்காக நாகர்கோவிலில் பயிற்சி வகுப்புக்குப் போய்வருகிறேன். காலையும் மாலையும் பஸ்தான். கூட வரும் ஆட்களைக் கவனிப்பது சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழக்கம். இவர் என்ன வேலை பார்ப்பார், இவருக்கு என்ன கவலை என்று யோசித்துக்கொண்டே வருவேன். ராத்திரி நினைவிலிருந்து ஒரு நோட்டில் எழுதியும் வைப்பேன். பிற்பாடு கதை எழுத வேண்டும் என்று ஆசை.

போன மாதம் ஒருநாள் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் ஓர் அக்கா. முகத்தில் ஏதோ கவலை தெரிந்தது. இரணியலில் கவனிக்க ஆரம்பித்தேன். தோட்டியோடு வந்ததும் சட்டென்று திரும்பி, "என்னத்தப் பாக்குத நீ? ஏறுனதுல இருந்து பாத்துட்டே வாற!" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டார். கண்டக்டர் என்னைப் பின்னால் போகச் சொன்னார். சத்தியமாக எனக்குக் கெட்ட எண்ணம் கிடையாது.

நண்பனிடம் சொன்னேன். நான் போனில் எடுத்து வைத்திருக்கும் சில பயணிகளின் போட்டோக்களைப் பார்த்துவிட்டு, "இது கேஸாகும்" என்கிறான். தினமும் காலிச் சாக்கோடு ஏறும் ஒரு தாத்தா எங்கே போகிறார் என்று தெரிந்துகொள்ள, ஒருமுறை என் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் அவர் பின்னால் கொஞ்ச தூரம் நடந்ததும் உண்டு. அதைச் சொன்னதும் "உனக்குக் கிறுக்குடே" என்றான்.

இது ஏதாவது மனநோயா? முகத்தைப் பார்த்து மனதில் உள்ளதைக் கண்டுபிடிக்க முறையான பயிற்சி இருக்கிறதா? அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்கலாமா? இல்லை, பஸ்ஸையே மாற்றிவிடலாமா?

பெயர் வேண்டாம், கருங்கல்

பதில் (உளவியல் ஆலோசகர், நாகர்கோவில்):

தம்பி, நோய் என்ற பயத்தை முதலில் விடுங்கள். ஆட்களைக் கவனிப்பதும் அவர்களைப் பற்றி மனதுக்குள் கதை கட்டுவதும் நோய் இல்லை. கவலைப்பட வேண்டிய விஷயங்கள் வேறு. பஸ்ஸில் எல்லாரும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றுவது, முன்பின் தெரியாதவர் தலையைச் சொறிந்தால்கூட அது உங்களுக்குக் காட்டும் சைகை என்று படுவது, பார்க்கக் கூடாது என்று நினைத்தும் கண்ணை எடுக்க முடியாமல் தவிப்பது, இதனாலேயே தூக்கம் கெடுவது. இதில் ஏதாவது இருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய் வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகவும் பேசலாம். உங்கள் கடிதத்தில் அந்த மாதிரி எதுவும் எனக்குத் தென்படவில்லை. பார்க்கத் தெரிந்த ஒரு பையன், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இருக்கிறான். அவ்வளவுதான்.

ஆனால் "கெட்ட எண்ணம் கிடையாது" என்று சத்தியம் செய்கிறீர்களே, அதைக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908-ல் ஒரு விஷயத்தைக் குறித்து வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஸ்ஸும் ரயிலும் டிராமும் வருவதற்கு முன்னால், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒருவர் முகத்தை ஒருவர் நிமிஷக்கணக்கிலும் மணிக்கணக்கிலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை மனிதர்களுக்கு வந்ததே இல்லை என்றார். நம் கன்னியாகுமரி மாவட்டத்தை வைத்து யோசித்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். இன்ன சாதி இன்ன தூரத்துக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது என்று அளவு வைத்திருந்த திருவிதாங்கூர் மண் இது. ஊர் தெரிந்து, வீட்டுப் பெயர் தெரிந்து, ஆருக்க மோன் என்று தெரிந்த பிறகுதான் பக்கத்தில் உட்கார்வது. அப்படிப்பட்ட இடத்தில், யாரென்றே தெரியாதவரோடு தோள் உரச உட்கார வைத்தது பஸ். ரயில் அதற்கும் பிந்தியது, திருவனந்தபுரம் நாகர்கோவில் கன்னியாகுமரி பாதை 1979-ல்தான் வந்தது. முன்பின் தெரியாதவர் முகத்தை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதற்கு நம் பாட்டிமார் நமக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை.

ஆனாலும் இத்தனை பேர் சண்டையில்லாமல் போய் வருகிறோம். அதற்கு எழுதாத ஓர் ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-ல் அதை விவரித்தார். பொது இடத்தில் ஒருவரை ஒருமுறை பார்க்கிறோம். 'நீங்கள் இருப்பது எனக்குத் தெரிகிறது' என்பது அந்தப் பார்வை. உடனே கண்ணை எடுத்துவிடுகிறோம். 'உங்களால் எனக்கு ஒன்றுமில்லை, என்னால் உங்களுக்கும் ஒன்றுமில்லை' என்பது அந்த எடுப்பு. இரண்டும் சேர்ந்தால்தான் மரியாதை. பார்க்காமலே இருந்தால் அலட்சியம், எடுக்காமலே இருந்தால் வம்பு.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் அதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த ஏறக்குறைய 500 பேரிடம் நடத்தியது, 2016-ல் வெளியானது. திரையில் ஒரு நடிகரின் முகம் நேராக அவர்களைப் பார்க்கும். எவ்வளவு நேரம் வரைக்கும் சங்கடமில்லாமல் இருக்கிறது என்று கேட்டார்கள். சராசரியாக வந்த விடை 3.3 விநாடி. அதுவும் திரையில் தெரியும் முகம், பாதுகாப்பான அறை, பக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள். நெரிசலான டவுன் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு இது இன்னும் குறையுமே தவிரக் கூடாது. நீங்களோ இரணியலிலிருந்து தோட்டியோடு வரை பார்த்திருக்கிறீர்கள். நடுவில் எத்தனை ஸ்டாப், எத்தனை பேர் ஏறி இறங்கியிருப்பார்கள்!

இன்னொன்று, நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள், அவர் உட்கார்ந்திருந்தார். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. மேலேயிருந்து குனிந்து பார்க்கும் ஓர் ஆண், ஜன்னலோரம் மாட்டிக்கொண்ட ஒரு பெண். எழுந்து போகவும் வழியில்லை. என்னிடம் பேச வரும் பெண்களில் பலர் பஸ்ஸில் எப்படி இடம் பிடிக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். கம்பிப் பக்கத்து சீட் வேண்டாம் என்பார்கள், பையை மடியில் வைக்காமல் பக்கவாட்டில் அணை மாதிரி வைப்பார்கள், பின்னால் நிற்பவர் யார் என்று ஜன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் ஆசைக்குக் கவனிக்கிறீர்கள். அவர்கள் பாதுகாப்புக்குக் கவனிக்கிறார்கள், அதுவும் பள்ளிக்கூடத்துக்குப் போன நாளிலிருந்து. உங்களைவிட அவர்களுக்கு இதில் பயிற்சி அதிகம். உங்கள் எண்ணம் நல்லதோ கெட்டதோ, அது உங்களுக்குள் இருக்கிறது. அந்த அக்காவுக்குத் தெரிந்தது உங்கள் பார்வை மட்டும்தான். அதை வைத்து அவர் சரியாகத்தான் முடிவெடுத்தார்.

கண்டக்டரும் சரியாகத்தான் நடந்துகொண்டார். உங்களைப் பின்னால் போகச் சொன்னதோடு விட்டது அவருடைய பெருந்தன்மை என்றே சொல்வேன். 2022-ல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. பஸ்ஸில் பெண்களை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது போன்றவற்றைச் செய்யும் ஆணை வழியிலேயே இறக்கிவிடலாம், போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கவும் செய்யலாம். தேர்வுக்குப் படிக்கிற பையன், இதைப் பொது அறிவாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, முகத்தைப் படிக்கிற பயிற்சி. அப்படி ஒன்று இல்லை தம்பி. ஏழு நாளில் சொல்லித்தருகிறேன் என்று யூடியூபில் வருகிறவர்களுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திருக்குறளிலேயே குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன, 71-ஆவதும் 110-ஆவதும். ஆனால் யார் யாருடைய குறிப்பை அறிகிறார்கள் என்று பாருங்கள். முதலாவது அமைச்சியலில் வருகிறது, அரசனுக்குப் பக்கத்திலேயே நாளெல்லாம் இருக்கிறவர்களுக்கானது. இரண்டாவது காதலர்களுக்கு. இரண்டிலும் பார்க்கிறவருக்குப் பார்க்கப்படுகிறவரைத் தெரியும், பழக்கம் உண்டு. உங்கள் அம்மா முகம் வாடினால் உங்களுக்குத் தெரிவது அதனால்தான். அம்மாவின் வாடாத முகத்தை ஆயிரம் நாள் பார்த்திருக்கிறீர்கள். பஸ்ஸில் பார்த்த அக்காவின் வாடாத முகம் எது என்று உங்களுக்குத் தெரியாது. சும்மா இருக்கும்போதே அவர் முகம் அப்படித்தானோ என்னவோ.

சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இருவர் 2006-ல் ஏராளமான ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். ஒருவர் சொல்வது பொய்யா உண்மையா என்று பார்த்துச் சொல்வதில் மனிதர்கள் சராசரியாக நூற்றுக்கு 54 தடவை சரி. பூவா தலையா போட்டாலே 50 வந்துவிடும். இதையே தொழிலாகக் கொண்டவர்களும் பெரிதாக மிஞ்சவில்லை. எங்கள் தொழிலும் அப்படித்தான், ஒருவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. அதனால்தான் கேட்கிறோம். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த அக்காவுக்குக் கழுத்து வலி இருந்திருக்கலாம். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற யோசனை வந்திருக்கலாம். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கலாம். இல்லை, நின்றுகொண்டு ஒருவன் விடாமல் பார்க்கிறானே என்ற எரிச்சலைத்தான் நீங்கள் கவலை என்று எடுத்துக்கொண்டீர்களோ? முதல் ஒரு நிமிஷத்துக்குப் பிறகு நீங்கள் பார்த்த முகம், நீங்கள் பார்த்ததால் உண்டான முகம்.

ஊகிப்பதில் இன்னொரு வழுக்கலும் உண்டு. லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1977-ல் அதற்குப் பெயர் வைத்தார். பெயர் கிடக்கட்டும், விஷயம் இது. இன்னொருவர் ஒன்று செய்தால் அவருடைய சூழ்நிலையை யோசிக்காமல், அவர் குணத்தையே காரணமாகச் சொல்லிவிடுவோம். பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருக்க, கல்லூரிப் பையன் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறான். "இந்தக் காலத்துப் பிள்ளையள்..." என்று பஸ்ஸில் பாதிப் பேர் முணுமுணுப்பார்கள். அவன் விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டி, ஷீட் அடித்துப் போட்டுவிட்டு வந்து ஏறியவனாக இருக்கலாம். குலசேகரம், அருமனைப் பக்கமிருந்து வருகிற பஸ்களில் அப்படிப்பட்ட பையன்கள் உண்டு. உங்கள் நோட்டை எடுத்துப் பாருங்கள். எத்தனை இடத்தில் 'இவர் கஞ்சர்', 'இவர் கோபக்காரர்' என்று குணத்தை எழுதியிருக்கிறீர்கள், எத்தனை இடத்தில் அவர் உண்மையில் என்ன செய்தார் என்று எழுதியிருக்கிறீர்கள் என்று. எனக்கென்னவோ முதல் வகைதான் அதிகமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

சரி, அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? முகத்தை விடுங்கள். முகத்தைத் தவிர பஸ்ஸில் எவ்வளவோ இருக்கிறது, அதையெல்லாம் பார்த்தால் யாரும் உங்களை ஒன்றும் கேட்கப்போவதில்லை.

கண்டக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் எல்லாரையும் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். எந்த ஸ்டாப்பில் யார் ஏறினார், யார் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை, யாருக்கு மீதிச் சில்லறை தர வேண்டும் என்று அத்தனையும் தலைக்குள் வைத்திருப்பார். யாராவது அவரை "என்னத்தப் பாக்குத?" என்று கேட்டதுண்டா? அவர் பார்வைக்கு ஒரு காரணம் இருப்பது எல்லாருக்கும் தெரியும், அது ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. பெரும்பாலும் அவர் முதலில் பார்ப்பது கையைத்தான். நீங்களும் கைகளைப் பாருங்கள். முந்திரி ஆலையில் வேலை செய்த கை, கொத்தனார் கை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த கை எல்லாம் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு வரும். எந்தக் கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது, பிரேக் போட்டதும் எது முதலில் பக்கத்துக் குழந்தையைத் தாங்கப் போகிறது.

பைகளைப் பாருங்கள். நின்றுகொண்டிருப்பவர் ஒரு வார்த்தையும் பேசாமல் தன் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைத்துவிடுவார், அவரும் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்வார். உள்ளே பணமிருக்கும், போன் இருக்கும், சான்றிதழ் இருக்கும். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. காலை நேரத்தில் ஒரு பெரியம்மா மடியில் நாலு பள்ளிக்கூடப் பை அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாருக்குத் தருகிறார்கள், யாருக்குத் தரமாட்டார்கள்? ஆண்கள் பெண்களிடம் தருவது உண்டு, பெண்கள் ஆண்களிடம் தருகிறார்களா? கூட்டம் எவ்வளவு ஏறினால் தர ஆரம்பிக்கிறார்கள்? இதை ஒரு மாதம் கவனித்து எழுதினாலே நோட்டு நிறையும். யாருடைய அந்தரங்கமும் இதில் இல்லை.

அப்புறம் நாளைப் பாருங்கள். ஆள் சொல்லாததை நாள் சொல்லும். பிளாஸ்டிக் உறையில் காகிதக் கட்டோடு ஒருவர் ஏறுகிறார். திங்கட்கிழமை காலை என்றால் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறவராக இருக்கலாம், அன்றுதான் குறைதீர்க்கும் நாள். அதே உறை, குழித்துறையிலோ இரணியலிலோ திருவனந்தபுரம் ரயில் ஏறுகிறவர் கையில் இருந்தால், உள்ளே ஸ்கேன் பிலிம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம் மாவட்டத்திலிருந்து அங்குள்ள மெடிக்கல் காலேஜுக்கும் ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் மருத்துவ மையத்துக்கும் போகிறவர்கள் அத்தனை பேர். நர்சிங் முடித்து இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளை கையிலும் அதே உறைதான். முகத்தை வைத்துச் சொல்லியிருந்தால் மூன்று பேருமே 'கவலை'தான். மாசி மாதம் வந்தால் உங்கள் ரூட்டிலேயே மண்டைக்காட்டுக்கு இருமுடி கட்டிய பெண்கள் ஏறுவார்கள். டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழாக் கூட்டம். அந்த நாட்களில் வழக்கமாக வருகிறவர்கள் எங்கே ஒதுங்குகிறார்கள், யார் சீட் விடுகிறார்கள், பஸ்ஸின் பேச்சுச் சத்தம் எப்படி மாறுகிறது என்று கவனிக்கலாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதற்குப் பிறகு ஏற ஆரம்பித்த வயதான பெண்கள் எத்தனை பேர், எங்கே போகிறார்கள் என்பதே ஒரு தனி விஷயம். காலையில் சந்தைக்கு, சாயங்காலம் மகள் வீட்டுக்கு.

போட்டோக்களை அழித்துவிடுங்கள். நாளைக்கு என்று வைக்காமல் இன்றைக்கே. 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. பஸ் டிக்கெட் எடுத்ததும் அந்த உரிமை போய்விடுவதில்லை. சட்டத்தை விடுங்கள், நம் மாவட்டத்தின் அளவை யோசியுங்கள். 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேர், ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிற இடம். திங்கள்சந்தையில் எடுத்த போட்டோவை மார்த்தாண்டத்தில் காட்டினால், "இது எங்க சித்திக்க மருமோளாக்கும்" என்று சொல்ல ஒருவர் இருப்பார். முகம் வேண்டாம், 'தினமும் இன்ன ஸ்டாப்பில் பச்சைக் குடையோடு ஏறுகிறவர்' என்று எழுதினாலே போதும், ஆள் தெரிந்துவிடும். உங்கள் நோட்டையும் அந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள்.

பஸ்ஸில் போனை எடுக்கவே கூடாதா என்றால், எடுக்க வேண்டிய நேரமும் உண்டு. 2021 டிசம்பரில் குளச்சல் பஸ் ஸ்டாண்டில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு வயதான அம்மாவை நாற்றம் என்று சொல்லி பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் நியாயம் கேட்டு அங்கேயே குரல் எழுப்பியது வீடியோவாக வெளியே வந்தது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். வீடியோ இல்லாவிட்டால் இவ்வளவு நடந்திருக்குமா, சந்தேகம்தான். அங்கே கேமரா ஒரு அநியாயத்தைப் பார்த்தது, அந்த அம்மாவும் எல்லாரும் கேட்க வேண்டும் என்றுதான் சத்தமாகப் பேசினார். உங்கள் போனில் இருப்பவர்கள் யாரும் எதையும் யாரிடமும் சொல்ல வரவில்லை. வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தாத்தா விஷயம். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பேச இரண்டு பக்கம் இல்லை. இனி யார் பின்னாலும் போகாதீர்கள். ஒரு பெண்ணின் பின்னால் போய், அவர் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பேசவோ பழகவோ முயன்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் அது குற்றம். தாத்தா என்பதால் அந்தப் பிரிவு வராது. ஆனால் பின்னால் ஒருவன் வருகிறான் என்று அவர் உணர்ந்திருந்தால், அந்த வயதில் எவ்வளவு பதறியிருப்பார்!

காலிச் சாக்கைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் கேட்டிருக்கலாமே? "சாக்கு எதுக்குத் தாத்தா?" என்று ஒரு வார்த்தை. சிகாகோவில் நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ரயில் பயணிகளில் சிலரைப் பக்கத்தில் இருக்கும் அந்நியரோடு பேசச் சொன்னார்கள், சிலரைப் பேசாமல் தனியாகப் போகச் சொன்னார்கள். எது இனிமையாக இருக்கும் என்று வேறு சில பயணிகளிடம் கேட்டபோது, பேசினால் பயணம் கெட்டுவிடும் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். ஆனால் பேசிக்கொண்டு போனவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. 2014-ல் வெளிவந்த ஆய்வு. அமெரிக்காவில் இதற்கு ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது. நம்ம பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் ஊர், வீடு, சம்பளம், கல்யாணம் வரை கேட்டுவிடுகிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் துப்பறிகிறீர்கள்? பேச்சு கொடுத்தால் அவருக்கு ஒரு வசதி இருக்கிறது. விருப்பமிருந்தால் பதில் சொல்வார், இல்லாவிட்டால் "சும்மா" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒளிந்து பார்ப்பதில் அவருக்கு அந்த வழி கிடையாது. (ஆண்களிடம், வயதானவர்களிடம் இது சரி. தனியாகப் பயணம் செய்யும் பெண்ணிடம் நீங்களாகப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். அவர் ஆரம்பித்தால் பேசுங்கள்.)

தினமும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்களைப் பற்றி ஸ்டான்லி மில்கிராம் 1972-ல் எழுதியது உங்களுக்குப் பிடிக்கும். ரயில் நிலையங்களில் தினமும் பார்த்துக்கொண்டு, வருஷக்கணக்கில் ஒரு வார்த்தையும் பேசாத ஆட்களைப் பற்றியது. முகம் நன்றாகத் தெரியும், பெயர் தெரியாது. தினம் நிற்கும் இடத்தில் பேசாதவர்கள், எங்கோ தூரத்து ஊரில் தற்செயலாகச் சந்தித்தால் பேசிவிடுவார்கள் என்றார் அவர். திருவனந்தபுரம் தம்பானூரில் கருங்கல் பஸ்ஸில் கூட வருகிற ஒருவரைப் பார்த்தால் உங்களுக்கே கை தானாக உயரும். உங்கள் தாத்தா அப்படிப்பட்டவர்தான். தலையசைப்பில் தொடங்குங்கள். ஒரு மாதம் தலையசைத்தால் சாக்குக் கதையை அவரே சொல்லிவிடுவார்.

கதை எழுதுகிற ஆசையைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை, அது என் துறை இல்லை. இரவில் நினைவிலிருந்து எழுதுவது நல்ல பழக்கம், அதை விடாதீர்கள். நினைவு பாதியை மறந்துவிடும், மறந்த இடத்தில் நீங்கள் இட்டுக்கட்டுவீர்கள், இட்டுக்கட்டும்போது அந்த ஆள் அவரில்லாமல் ஆகிவிடுவார். எழுதுகிறவருக்கும் நல்லது, எழுதப்படுகிறவருக்கும் நல்லது. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உங்களை யார் யார் பார்த்திருப்பார்கள், என்ன நினைத்திருப்பார்கள் என்று நாலு வரி எழுதுங்கள். கம்பியில் சாய்ந்து நின்று ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்த பையனைப் பற்றி யாராவது வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார்கள்.

கடைசியாக, மன்னிப்பு. வேண்டாம். மனசு உறுத்துவது புரிகிறது, ஆனால் அந்த அக்காவைத் தேடிப் போய்ப் பேசினால், அது அவருக்கு இரண்டாவது தொந்தரவு. நாலு பேர் முன்னால் நீங்கள் கிட்டே வருவதைப் பார்த்ததுமே அவருக்குப் படபடக்கும். உங்கள் மனசு லேசாவதற்கு அவர் ஏன் அதைத் தாங்க வேண்டும்? கண்டக்டர் அதே ஆள் என்றால் அவரிடம் "அண்ணே, அன்னைக்கு நான் பண்ணுனது தப்பு" என்று சொல்லிவிடுங்கள், போதும். பஸ்ஸை மாற்ற வேண்டியதில்லை, வகுப்புக்கு நேரமாகிவிடும். பின்வாசலில் ஏறி, பின்பக்கத்திலேயே நில்லுங்கள். அந்த அக்கா ஏறினால் ஒருமுறைகூடத் திரும்ப வேண்டாம். இடம் கிடைத்தால் உட்கார்ந்து, நின்றுகொண்டிருப்பவர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பார்வதிபுரம் வரை போதுமான வேலை இருக்கும்.